வேலிக்கு அப்பாலும் சட்டம் உண்டா?



சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் சாலையில் மம்பாவ் வட்டாரத்தைக் கடப்போர் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு பக்கம் செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும் நிற்கும். இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள் இருக்கும். தோட்டத்து லயன்களில் பிறந்து வளர்ந்த நம் மக்களில் பலர் இன்று இந்தத் தாமான்களில் வாழ்கிறார்கள். சொந்த வீடு, சொந்த வேலி, வீட்டு எண், தபால் பெட்டி எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு புதிய தொல்லையும் கூடவே வந்திருக்கிறது. அதுதான் பக்கத்து வீடு.

பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. முற்றத்தில் லாலாங் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. சக்கரமில்லாத பழைய கார் ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. உடைந்த தொட்டியில் மழைநீர் தேங்குகிறது. இரவில் எலி ஓடுகிறது, பகலில் பாம்பு நெளிகிறது. 'அவர் நிலம், அவர் உரிமை, நாம் என்ன செய்ய முடியும்?' என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 'ஏன் முடியாது?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பிள்ளைகளின் கேள்வி சரியான கேள்வி. ஒருவருடைய வேலிக்குள் நடப்பதைப் பற்றி அடுத்த வேலிக்காரர் கேட்கலாமா? கேட்டால் சட்டம் துணை நிற்குமா? இதற்கு மனித சமுதாயம் பல நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

பழங்காலத்துக் கட்டுப்பாடுகள்

அண்டை நிலத்துக் கேடு வெள்ளைக்காரர் காலத்தில் தோன்றிய சங்கதி என்று எண்ண வேண்டாம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நகரத் தூய்மைக்கென்று விதிகள் உள்ளன. தெருவில் குப்பை கொட்டினால் ஒரு பணத்தில் எட்டில் ஒரு பங்கு அபராதம். சேறும் நீரும் தெருவில் தேங்கும்படி செய்தால் நாலில் ஒரு பங்கு. அதாவது, குப்பையைவிடத் தேங்கிய நீருக்கே தண்டனை அதிகம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், கழிவுநீர் அடுத்தவர் சுவரைக் கெடுக்கக் கூடாது என்பன போன்ற விதிகளையும் அந்நூலில் காண்கிறோம்.

நம் தமிழகத்திலும் ஊரே ஊரைப் பார்த்துக்கொண்ட வழக்கம் இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விவரமும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்கள் இயங்கிய விவரமும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏரிக்கரை உடைந்தால் ஒருவன் வயல் மட்டும் கெடாது, ஊரே கெடும். ஆகவே அதைக் கவனிக்கும் பொறுப்பை ஊர் ஏற்றது. இன்று நாம் எத்தனையோ அலுவலகங்களை 'வாரியம்' என்று அழைக்கிறோம் அல்லவா? அந்தச் சொல் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது.

பன்றிக் கொட்டடியும் 1610ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

இன்று மலேசியாவில் வழங்கும் சட்ட முறையின் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து வந்தது. எனவே அங்கே நடந்த ஒரு பழைய வழக்கை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

நார்ஃபோக் என்னும் மாவட்டத்தில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டை ஒட்டி, அவருடைய அண்டை வீட்டுக்காரர் தாமஸ் பென்டன் ஒரு பன்றிக் கொட்டடி கட்டினார். நாற்றம் தாங்க முடியவில்லை. ஆல்ட்ரெட் வழக்குத் தொடுத்தார். 'பன்றி வளர்ப்பது மனிதருக்குத் தேவையான தொழில், மூக்கு அவ்வளவு மென்மையாக இருக்கலாகாது' என்பது எதிர்த்தரப்பு வாதம். 1610ஆம் ஆண்டில் நீதிபதிகள் ஆல்ட்ரெட்டின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். ஒருவன் தன் சொத்தை அடுத்தவனுக்குக் கேடு உண்டாகாதபடி பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு அங்கே உறுதியாயிற்று.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் உண்டு. வீட்டில் வாழ நல்ல காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும். அவற்றைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். ஆனால் கண்ணுக்கு இனிய காட்சி என்பது வெறும் இன்பப் பொருள், வாழ்வின் தேவை அன்று. அது கெட்டதற்காக வழக்குப் போட முடியாது என்றார்கள். நேயர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கு அன்றே சட்டம் துணை வந்தது. கண்ணுக்கு வரவில்லை. கண்ணுக்கும் இடம் தந்த சட்டம் நம் நாட்டில் எப்போது வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

வழக்குப் போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. பணம் உள்ளவரே வழக்காட முடியும். ஏழை என்ன செய்வார்? 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கூலி மக்கள் இருட்டு வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காலரா வந்து கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட சுகாதார அறிக்கை நாட்டை உலுக்கியது. 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. தொல்லை தரும் இடங்களைச் சென்று பார்வையிடுவதற்கென்றே ஊராட்சிகள் அதிகாரிகளை நியமித்தன. அண்டை வீட்டுக் கேடு இரண்டு பேருக்கு நடுவே உள்ள சண்டை என்ற நிலை மாறி, ஊரின் பொறுப்பாக ஆயிற்று. இது பெரிய மாற்றம்.

அதே காலத்தில், 1860இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியது. பொதுமக்களுக்குத் தொல்லை தரும் செயல் எது என்று அதன் 268ஆம் பிரிவு விளக்கியது. அந்தச் சட்டமே மாதிரியாகக் கப்பலேறி இங்கும் வந்தது. இந்தியா 2024 ஜூலையில் பழைய சட்டத்தை மாற்றிப் புதியதைக் கொண்டுவந்துவிட்டது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலோ பொதுத் தொல்லைக்கு விளக்கம் சொல்லும் பிரிவு இன்றும் அதே 268தான். நம் முன்னோர் எந்தக் கரையிலிருந்து வந்தார்களோ, அந்தக் கரையிலிருந்தே சட்டமும் வந்து சேர்ந்தது.

அத்தாப்புக் கூரையும் கோலாலம்பூர்த் தீயும்

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1881 ஜனவரி 4ஆம் தேதி கோலாலம்பூரில் பெருந்தீ மூண்டது. அன்றைய கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தை நம்பி எழுந்த சிறு பட்டணம். வீடுகள் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டு ஒன்றை ஒன்று உரசி நின்றன. ஒரு வீட்டில் பற்றிய தீ ஊரையே தின்றுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளமும் வந்தது.

1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். 1880களில் பட்டணம் புதிதாக எழும்பியது. செங்கல் சூளைகள் நிறைந்திருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. பின்னாளில் இரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் குடியேறி வாழ்ந்த அதே பிரிக்பீல்ட்ஸ்தான். 1890 மே மாதம் கோலாலம்பூர் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டது. ஏனைய பட்டணங்களிலும் இத்தகைய வாரியங்கள் ஏற்பட்டன. பின்னர் அவை டவுன் போர்டுகளாக மாறின. 1935இல் தொகுக்கப்பட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டத் தொகுப்பில் டவுன் போர்டு சட்டம் 137ஆம் அத்தியாயமாக இடம் பெற்றிருக்கிறது.

'என் வீட்டுக் கூரை, நான் எதை வேண்டுமானாலும் வேய்வேன்' என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் தீப்பொறிக்கு வேலி தெரியாது. இந்த உண்மையை நெருப்பு பட்டணத்துக்குக் கற்பித்தது. தோட்டத்துக்கு அதே பாடத்தைக் கற்பித்தது கொசு.

அழகான ஓடையில் இருந்த எமன்

மம்பாவ் வட்டாரம் வெகு முன்பே வெளியுலகத்தோடு இணைந்துவிட்டது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. காடு அழிந்தது, பால்மரம் எழுந்தது, தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் வந்து இறங்கினார்கள். அவர்களை எதிர்கொண்ட முதல் எதிரி மலேரியாக் காய்ச்சல்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். அதற்கு நாலு ஆண்டு கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். கிள்ளானிலும் அருகிலிருந்த புதிய துறைமுகத்திலும் மக்கள் காய்ச்சலால் செத்துக்கொண்டிருந்தார்கள். சதுப்பு நிலத்தை வடித்து, புதர்களை வெட்டி, கால்வாய் தோண்டினார்கள். அவ்விரு ஊர்களிலும் 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். மறு ஆண்டில் அது 59 ஆகக் குறைந்தது.

இந்த வெற்றியைக் கண்டு மலைப்பாங்கான தோட்டங்களிலும் காட்டை வெட்டினார்கள். ஓடைகளைத் திறந்துவிட்டுச் சுத்தமாக்கினார்கள். பார்ப்பதற்கு இடம் அழகாக இருந்தது. ஆனால் காய்ச்சல் குறையவில்லை. காரணம் என்ன? கரையோரச் சதுப்பில் வாழும் மலேரியாக் கொசு நிழலை விரும்பும் இனம். மலைப்பகுதியில் வாழும் மக்குலாட்டஸ் என்னும் இனமோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும். காட்டை வெட்டியபோது ஒரு கொசு ஒழிந்தது, இன்னொரு கொசுவுக்கு வீடு கிடைத்தது. பிறகுதான் நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடிப்பதும், ஓடையில் எண்ணெய் தெளிப்பதும் வழக்கத்துக்கு வந்தன. 1911இல் மலேரியா ஆலோசனை வாரியமும் அமைந்தது. தோளில் எண்ணெய்த் தோம்பு சுமந்து கால்வாய் கால்வாயாக மருந்தடித்த தாத்தாமார்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. பார்வைக்கு அசிங்கமாக இருப்பதெல்லாம் ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. பார்வைக்கு அழகாக இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. அண்டை வீட்டைப் பற்றிக் குறை சொல்லுமுன், நம்மைத் தாக்குவது எது என்று ஆராய வேண்டும்.

தோட்டத்து வாசலில் நின்றுபோன சட்டம்

பட்டணத்தில் சுகாதார வாரியம் இருந்தது. தோட்டத்திலோ நிலம் கம்பெனியுடையது. லயன் கம்பெனியுடையது. கால்வாயும் குழாயடியும் கூடக் கம்பெனியுடையவையே. பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும், கால்வாய் அடைத்துக்கொண்டாலும், நாம் போய் நிற்கும் இடம் ஆபீஸ் வாசல்தான். 'ஐயா, கால்வாய் நாறுது, கொஞ்சம் பாருங்க' என்று கிராணியிடம் சொல்வோம். அவர் துரையிடம் சொல்வார். துரை மனம் வைத்தால் ஆள் வரும். டிரஸ்ஸர் ஐயா லயன் பார்க்க வரும் நாளில் எல்லோரும் வாசலைக் கூட்டி வைப்போம்.

சட்டம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 1912, 1923 ஆகிய ஆண்டுகளில் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்டத்தில் வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றைப் பற்றிப் பேசின. சுதந்திரத்துக்குப் பின் 1966இல் தொழிலாளர் வீட்டுவசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990இல் 446ஆம் எண் சட்டம் வந்தது. 2019இல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாம் முதலாளியின் கடமையைச் சொல்பவை. தொழிலாளர் இலாகா அவற்றைக் கண்காணிக்கும்.

இதனால் நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. சுற்றுப்புறம் கெட்டால் மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார், நாம் வாய் திறந்தால் பொல்லாப்பு என்ற பழக்கம் அது. லயனில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை மூட்டையோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் தாமானில் துரை இல்லை, கிராணி இல்லை. அங்கே இருப்பது ஊராட்சி மன்றம். அதற்கு வரி கட்டுபவர் நாம்.

ஒரு தமிழரின் பெயர் தாங்கிய அறிக்கை

ஊராட்சி மன்றங்களின் வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. அவர் செனட்டர் அத்தி நாகப்பன். இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், 1965இல், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் அத்தி நாகப்பன். அப்போது 300க்கு மேற்பட்ட மன்றங்கள் வெவ்வேறு சட்டங்களின் கீழ் சிதறிக் கிடந்தன. 1968இல் குழு தன் அறிக்கையை முடித்தது. மன்றங்களைச் சீரமைக்க வேண்டும், உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சீரமைப்பு நடந்தது. தேர்தல் திரும்பவில்லை. இன்றும் மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது.

சீரமைப்பின் பயனாக வந்த சட்டங்களை நாம் பெயராவது அறிந்திருக்க வேண்டும். 1974இன் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், எண் 133. 1976இன் ஊராட்சிச் சட்டம், எண் 171. இந்த 171ஆம் சட்டத்தில் 'தொல்லை' என்ற சொல்லுக்கு விளக்கம் உள்ளது. பார்வை, மோப்பம், செவி ஆகிய புலன்களுக்கு ஊறு அல்லது எரிச்சல் விளைவிக்கும் செயலும், செய்யத் தவறுவதும், பொருளும் தொல்லையே என்று அது கூறுகிறது. உடல் நலத்துக்கும் சொத்துக்கும் ஆபத்தானவையும் அதில் அடங்கும்.

நேயர்களே, 1610ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவுகூருங்கள். 'கண்ணுக்காக வழக்கில்லை' என்றார்கள் அன்று. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்வையே முதலில் வந்து நிற்கிறது. செய்யத் தவறுவதும் தொல்லை என்ற சொற்களையும் கவனியுங்கள். 'நான் ஒன்றும் செய்யவில்லையே, வீட்டைப் பூட்டிப் போட்டேன், அவ்வளவுதானே' என்று உரிமையாளர் தப்பிக்க முடியாது.

அந்தச் சட்டத்தின் 80, 81, 82ஆம் பிரிவுகள் தொல்லையை அகற்றும் முறையைச் சொல்கின்றன. மன்றம் முதலில் உரிமையாளருக்கு அல்லது குடியிருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்பும். குறித்த காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விஷயம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். மன்றமே ஆள் வைத்துச் சுத்தம் செய்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் வழி உண்டு.

நம் வட்டாரத்தில் 1979இல் சிரம்பான் நகராண்மைக் கழகம் ஏற்பட்டது. 2020 ஜனவரியில் நீலாய் நகராண்மைக் கழகத்தோடு இணைந்து அது சிரம்பான் மாநகர் மன்றமாக உயர்ந்தது. மம்பாவ் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. வீட்டுக் குப்பை அகற்றும் பொறுப்பு, 2007இன் திடக்கழிவுச் சட்டத்தின்படி 2011 செப்டம்பர் முதல் நெகிரி செம்பிலானில் தனி ஏற்பாட்டின் கீழ் நடக்கிறது.

கொசுவும் பன்றிக் கொட்டகையும்

இவையெல்லாம் வெறும் அழகுக்காகவா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

1973இல் நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், எண் 154, நிறைவேறியது. சுகாதார அதிகாரி எந்த வளாகத்துக்குள்ளும் நுழைந்து சோதிக்கலாம், கொசுப்புழு இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் அது பெரும்பாலும் சுற்றும். அதாவது, நம்மைக் கடிக்கும் ஏடிஸ் பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்தது. பக்கத்து முற்றத்தில் கிடக்கும் ஒரு பழைய டயர் நம் பிள்ளையின் உயிரைத் தொடும்.

இரண்டாவது சம்பவம் மம்பாவிலிருந்து வெகு தூரத்தில் நடந்ததன்று. 1998இல் பேராக்கில் பன்றிப் பண்ணைத் தொழிலாளருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. முதலில் அதை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவை ஒழிக்க முனைந்தார்கள். நோய் கண்ட பன்றிகள் லாரியில் ஏற்றப்பட்டு நெகிரி செம்பிலானுக்கு வந்தன. புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளில் நோய் வெடித்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைக் கண்டுபிடித்தார். சுங்கை நிப்பாவின் பெயரே அக்கிருமிக்குச் சூட்டப்பட்டது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள் இருந்ததும், பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றிகள் தின்றதும் நோய் தாவக் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். எதன் பக்கத்தில் எது இருக்கலாம் என்ற கேள்வி உயிர்க் கேள்வியாக மாறியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டம் ஏழையை மிதிக்கலாமா?

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 'அசிங்கம்' என்ற சொல் பல நேரங்களில் ஏழையின் மேல் எறியப்படும் கல்லாகவும் இருந்திருக்கிறது. குடிசை அசிங்கம், மாட்டுக் கொட்டில் அசிங்கம், லயன் அசிங்கம் என்று சொல்லி, அங்கே வாழ்வோரை அப்புறப்படுத்துவது எளிது. ஆகவே சட்டத்தைப் பயன்படுத்துவோர் நீதியை மறக்கலாகாது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் தந்த இரண்டு தீர்ப்புகள் இதில் நமக்கு வழி காட்டுகின்றன.

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற நகரம். அங்கே ஒரு வட்டாரத்தில் சாக்கடை திறந்து கிடந்தது, சாராய ஆலையின் கழிவும் ஓடியது, கழிப்பிடம் இல்லாததால் மக்கள் தெருவோரத்தைப் பயன்படுத்தினார்கள். குடியிருப்போர் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தார்கள். பணமில்லை என்றது நகராட்சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார். பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றார். சாதாரண மக்கள் ஒன்றுகூடி மனுக் கொடுத்தால் பெரிய மன்றமும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அம்மக்கள் பயன்படுத்திய சட்டப் பிரிவுக்கு நிகரான ஏற்பாடு, நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவில் இருக்கிறது.

மற்றொன்று, பம்பாயின் நடைபாதைவாசிகள் பற்றிய 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடைபாதையை மறித்துக் குடிசை போட உரிமை இல்லை என்றாலும், அகற்றுமுன் அறிவிப்புக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்பதே முறை என்றது. மழைக்காலம் முடியும்வரை அகற்றக் கூடாது என்றும் தடுத்தது. நோட்டீஸ் என்பது வெறும் காகிதம் அல்ல என்பதை இதனால் அறிகிறோம். எதிர்த்தரப்புக்கும் ஒரு வாய் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது.

நாம் செய்யக்கூடியது

அப்படியானால் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்கு நாம் என்ன செய்வது? முறையாகச் சொல்கிறோம்.

முதலில் நம் முற்றத்தைப் பார்ப்போம். பூச்சட்டித் தட்டில் நீர் தேங்கியிருக்கும்போது அடுத்தவர் தொட்டியைப் பற்றிப் பேச முடியாது. அடுத்து, அங்கே ஆள் குடியிருந்தால் நேரில் பேச வேண்டும். 'அண்ணே, உங்க பக்கத்துக் கால்வாய் அடைச்சிருக்கு, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருமா சேர்ந்து எடுத்துடலாமா?' என்று கேட்டால் பாதித் தொல்லை அன்றே தீரும். வயதானவர், நோயாளி, தனியே வாழும் பெண் என்றால், அந்த வீட்டுக்குத் தேவை நம் கைதான், நோட்டீஸ் இல்லை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு நாலு இளைஞர் போனால் ஒரு காலையில் வேலை முடிந்துவிடும்.

ஆள் இல்லை, அல்லது கேட்டும் பயனில்லை என்றால் மன்றத்துக்கு எழுதலாம். 'அடுவான்' என்று மலாயில் சொல்கிறோமே, அந்தப் புகாரில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும். வீட்டு எண்ணும் தெருவும், என்ன கேடு என்பது, எப்போதிலிருந்து என்பது, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்பது. 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதுவதைவிட, 'தொட்டியில் புழு இருக்கிறது, பாம்பு வருகிறது, சுவர் சாய்கிறது' என்று எழுதுவது வலுவானது. தேதியோடு படம் எடுத்து இணைக்க வேண்டும். புகார் எண்ணை வாங்கிக் குறித்துவைக்க வேண்டும். ஒருவர் எழுதுவதைவிட அண்டை வீட்டார் பலர் கையெழுத்திட்டால் நல்லது. நம் பகுதிக்கு நியமிக்கப்பட்ட மன்ற உறுப்பினரிடம் ஒரு பிரதியைக் கொடுக்க வேண்டும்.

கொசுப்புழு என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிக்கலாம். உரிமையாளர் யார் என்று தெரியாத நிலத்துக்கு, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் இடம் தருகிறது. அது அரசாங்க நிலமாக இருந்தால் நில அலுவலகத்துக்கே எழுத வேண்டும். தோட்டத்து லயனிலேயே வாழ்பவர்கள் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதில் இல்லையேல் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

செய்யக்கூடாததும் உண்டு. வேலி தாண்டிப் போய்ப் பிறர் மரத்தை வெட்டுவது, லாலாங்குக்குத் தீ வைப்பது, இரவோடு இரவாகக் குப்பையை அவர் வாசலில் கொட்டுவது ஆகியவை நம்மையே குற்றவாளி ஆக்கும்.

நேயர்களே, லயனில் வாழ்ந்த காலத்தில் நம் வாசலைப் பற்றிக் கேட்கும் உரிமை பிறர் கையில் இருந்தது. இன்று அது நம் கைக்கு வந்திருக்கிறது. எழுத்தறிவு குறைந்த பெரியவர்களுக்காகப் புகார்க் கடிதத்தை எழுதிக் கொடுக்கும் வேலையை நம் பிள்ளைகள் ஏற்கட்டும். ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையால் மலாயில் பத்து வரிக் கடிதம் எழுத முடியும். அந்தப் பத்து வரி ஒரு தெருவைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றக்கூடும்.